பழைய மோடமும் ஒரு வாக்கி டாக்கியும்

டயல்-அப் காலத்தில் இணையம் பார்த்தவர்களுக்கு மோடம் போடும் கீச்சுச் சத்தம் மறந்திருக்காது. பிராட்பேண்ட் வந்ததும் அந்த டப்பாக்கள் பரணுக்கும் காயலான் கடைக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவற்றுக்கெல்லாம் மூத்த ஒரு மோடத்தின் சத்தம் இன்றைக்கும் வானலையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதை "மியூசியம் சரக்கு" என்று ஒதுக்குவது பெரிய தப்பு.

முதலில் மோடம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கணினியின் 0, 1 அதில் நேராகப் போகாது. அதனால் மோடம் அவற்றைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றி அனுப்பும். மறுமுனையில் உள்ள மோடம் அந்த ஒலியைத் திரும்ப 0, 1 ஆக்கிவிடும். பெல் 202 என்ற அமெரிக்க வகையில் இரண்டே ஒலிகள்: 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ். வேகம் நொடிக்கு 1200 பிட்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. குரலுக்காகச் செய்யப்பட்டது தொலைபேசி மட்டுமா? வாக்கி டாக்கியும்தானே! மோடத்தின் ஒலியை அதன் மைக்கில் கொடுத்து, ஸ்பீக்கரில் வருவதை மோடத்துக்குக் கொடுத்தால் கணினிகள் கம்பியில்லாமல் பேசத் தொடங்கிவிடும். பெல் 202 மோடத்தில் ஒன்று பேசும்போது மற்றது கேட்க வேண்டும். தொலைபேசியில் அது ஒரு குறை. பட்டனை அமுக்கிப் பேசும் வாக்கி டாக்கிக்கோ அதுதான் கச்சிதம்.

1978 மே மாதம் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தகவலைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து வானலையில் அனுப்பிக் காட்டினார்கள். பிறகு வான்கூவர் குழு, கணினிக்கும் வானொலிக்கும் நடுவில் நிற்கும் டிஎன்சி என்ற கருவியை உருவாக்கியது. 1980-இல் அமெரிக்க அரசும் அனுமதி தந்தது. அரிசோனாவின் டூசான் நகர ஹாம்கள் 1985-இல் கொண்டுவந்த டிஎன்சி-2 எங்கும் பரவியது. இதற்குப் பெரிய கம்பெனி எதுவும் திட்டம் போடவில்லை. தொலைபேசி உலகத்துக்குப் பழசாகிப்போனதை எடுத்து, பொழுதுபோக்காளர்கள் தங்கள் சொந்தச் செலவில் கட்டிய வலையமைப்பு இது.

"ஆமை வேகம்! இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1200 பிட் என்றால் நொடிக்கு 150 பைட். 3 எம்பி புகைப்படம் ஒன்றை அனுப்ப, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால்கூட, ஐந்தரை மணி நேரம் ஆகும். ஹாம் அலைவரிசையில் வியாபாரம் செய்யக்கூடாது, ரகசியக் குறியீட்டில் செய்தி அனுப்பக்கூடாது. உரிமமும் வேண்டும். ஆக, இது இணையத்துக்கு மாற்று இல்லை.

ஆனால் வெள்ளத்திலோ பூகம்பத்திலோ யாரும் புகைப்படத்துக்குக் காத்திருப்பதில்லை. எந்த முகாமில் எத்தனை பேர், என்ன மருந்து, எவ்வளவு என்பதுதான் தேவை. இரைச்சலுக்கு நடுவே வாயால் சொன்னால் 15 என்பது 50 ஆகக் காதில் விழலாம். மருந்தின் அளவில் அப்படி நடந்தால் உயிர் போகும். பாக்கெட் வானொலியில் ஒரு பிட் கெட்டாலும் மொத்தப் பாக்கெட்டும் குப்பைக்குப் போய்விடும். அதைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். தப்பாக வருவதைவிட வராமல் இருப்பது மேல் இல்லையா? இணைப்பு ஏற்படுத்திப் பேசும் முறையில், பதில் வராவிட்டால் கருவி தானே மறுபடி அனுப்பும். தமிழில் ஒவ்வொரு யுனிகோட் குறிக்கும் 3 பைட் பிடிக்கும். அப்படியும் நாலு வரிச் செய்தி சில நொடியில் போய்விடும். செல்போன் கோபுரம் சாய்ந்தாலும், இரண்டு வானொலியும் இரண்டு பேட்டரியும் இருந்தால் போதும்.

அதற்காக 1200 பிட்டைக் கும்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பாப் புரூனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ் முறை இன்றும் வட அமெரிக்காவில் 144.39 மெகாஹெர்ட்ஸில் இதே இரண்டு ஒலிகளில்தான் ஓடுகிறது. ஆனால் மோடம் டப்பா இப்போது கட்டாயம் இல்லை. டயர் வுல்ஃப் என்ற இலவச மென்பொருளும் சவுண்ட் கார்டும் அந்த வேலையைச் செய்துவிடும். எஃப்எக்ஸ்.25 என்ற முறை பிழைகளைத் திருத்தியும் தருகிறது. அதில் அனுப்பியதைப் பழைய கருவியும் படிக்க முடியும் என்பதுதான் இதில் அழகு. முன்னேற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும். நேற்று வாங்கியவனைக் கைவிட்டுவிட்டு ஓடுவது முன்னேற்றம் ஆகாது.

பொறியியல் கல்லூரிகளின் நெட்வொர்க் லேபில் இதற்கு ஒரு மேசை ஒதுக்கலாம். புத்தகத்தில் படமாகப் பார்க்கும் பாக்கெட்டை இங்கே காதாலேயே கேட்கலாம். இரண்டு பாக்கெட் மோதிக்கொள்வதும், ஒன்று காத்திருந்து மறுபடி முயல்வதும் கண்முன்னே நடக்கும். ஆபத்து வந்தபிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. கற்றுக்கொண்ட நாலு பேர் ஊரில் இருந்தால், அன்றைக்கு அந்த ஆமை வேகமே போதும்.