படகு பேசட்டும், கணினி கேட்கட்டும்

மும்பைக் கரையில் படகுகளுக்கு மின்னணுக் கருவி பொருத்துவது என் தொழில். நம் சங்கத்துப் பிள்ளைகளில் இத்துறைக்கு வந்திருக்கும் சிலர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாமா, ஆழமானி, ஜி.பி.எஸ். எல்லாவற்றையும் மடிக்கணினியில் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஒரு யு.எஸ்.பி. அடாப்டர் போதும். எந்த அடாப்டர் என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

படகுக் கருவிகளுக்கு இரண்டு மொழிகள் உண்டு. 1983-இல் வந்த என்.எம்.இ.ஏ. 0183, டாலர் குறியில் தொடங்கும் வரிகளாக, வினாடிக்கு 4,800 பிட் வேகத்தில் வரும், கண்ணாலேயே படித்துவிடலாம். பின்னால் வந்த என்.எம்.இ.ஏ. 2000, கார்களில் ஓடும் 'கேன்' வகையைச் சேர்ந்தது. வேகம் 2,50,000 பிட். ஒரே முதன்மைக் கேபிள், அதன் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் தடை இல்லை. கணினியைத் திட்டிப் பயனில்லை.

பழைய மொழிக்கு ஆர்.எஸ். 422 வகை அடாப்டர் வேண்டும். சாதாரண ஆர்.எஸ். 232 கம்பியும் பல நேரம் வேலை செய்யும். அதனாலேயே அதை விற்கிறார்கள்! கருவியின் எதிர்முனையை அதன் தரைக்கம்பியில் கட்டினால், அனுப்பும் கருவியே பழுதாகலாம்.

அதைவிடப் பெரியது மின்தனிமை. மடிக்கணினி ஜெட்டி மின்சாரத்தில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். கருவிகள் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். மலிவான அடாப்டர் இரண்டின் தரையையும் ஒன்றாக்கிவிடும். வேண்டாத மின்னோட்டம் யு.எஸ்.பி. வழியே பாயும். தகவலை மட்டும் கடத்தி மின்தொடர்பைத் துண்டிக்கும் அடாப்டர் விலை கூடுதல்தான். படகில் டீசலுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் இதற்கு மட்டும் பேரம் பேசுவது எனக்குப் புரிவதில்லை.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. என்.எம்.இ.ஏ. 2000-இன் விதிநூலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கேன்போட் என்ற திட்டத்தில் ஆர்வலர்கள் கம்பியில் ஓடுவதைக் கவனித்துக் கவனித்தே பொருள் கண்டுபிடித்து, இலவசமாகத் தந்திருக்கிறார்கள். என் படகுக்கு அடியில் எத்தனை மீட்டர் தண்ணீர் என்பதை என் கணினி படிக்க இவ்வளவு சுற்றுவழி எதற்கு?

அதற்காகக் கணினியைப் பேசவும் விடலாமா? கூடாது என்பேன். ஓபன்சிபிஎன் போன்ற இலவச மென்பொருள் தானியங்கிச் சுக்கானுக்கும் கட்டளை அனுப்பும். அந்த வசதியை நான் அணைத்தே கொடுக்கிறேன். நடுக்கடலில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உட்கார்ந்தால் படம்தான் மறைய வேண்டும். சுக்கான் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.