புல்லாங்குழல் வாசித்தவர் யார்?

சினிமா இசைக் கச்சேரிகளுக்குச் சுவரொட்டி தயாரிக்கிறவர்களிடம் ஒரு விசேஷமான கணக்கு இருக்கிறது. மேலே ஆளுயரத்துக்கு இசையமைப்பாளரின் முகம். அதற்குக் கீழே பாடகர், பாடகியர் பத்துப் பன்னிரண்டு பேர், அவரவர் மார்க்கெட்டுக்குத் தக்கபடி பெரிதும் சிறிதுமாக. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: '60 இசைக் கலைஞர்கள் பங்கேற்கும் பிரம்மாண்டமான நேரடி இசை விருந்து!'

அறுபது என்பதை மனிதர்களின் எண்ணிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டாருக்குக் குதிரைச் சக்தி சொல்கிறோம். கல்யாண மண்டபத்துக்கு 'ஆயிரம் பேர் அமரலாம்' என்று எழுதிப் போடுகிறோம். அந்த ரகத்தைச் சேர்ந்தது இது. பாடகருக்குப் பெயர் உண்டு. மேடையில் நின்று வளவளவென்று பேசப்போகும் தொகுப்பாளினிக்குப் பெயர் உண்டு. விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்கு நாலு மூலையிலும் பெயர் உண்டு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கப்போகிற அறுபது பேருக்கு மட்டும் ஓர் எண்!

இது அநியாயம் என்கிறேன். 'அநியாயம்' என்பது இந்தச் சின்ன விஷயத்துக்குப் பெரிய வார்த்தையாயிற்றே என்று நினைக்கிற வாசகர்கள், தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

சென்ற ஆண்டு அப்படிப்பட்ட ஒரு கச்சேரிக்கு மதுரையிலிருந்து ஐந்து பேர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். யாருடைய கச்சேரி என்று நான் சொல்லப் போவதில்லை. என் வழக்கு அந்த இசை மேதையோடு இல்லை. அவர் காலடியில் நானும் உட்காரத் தயார். என் வழக்கு, நடத்தியவர்களோடும், என்னோடு ரயிலில் வந்தவர்களோடும், அவர்களைப் போன்ற லட்சக்கணக்கான ரசிகப் பெருமக்களோடும்தான்.

என் நண்பர்கள் சாமான்யப்பட்ட ரசிகர்கள் அல்ல. ஒருவர் வங்கி அதிகாரி. 1976-இல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து எந்தப் படம் எந்த ஆண்டு, எந்தத் தியேட்டர், எத்தனை நாள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இன்னொருவர் தமிழாசிரியர்; பாட்டுக்குப் பாட்டு ராகம் கண்டுபிடித்து ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பவர். மூன்றாமவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பாட்டில் கதாநாயகி கட்டிய புடவையின் நிறம், எந்த மலையில் எடுத்தார்கள் என்பது வரைக்கும் ஒப்பிப்பார். நாலாவது ஆள் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். தன் அப்பா காலத்துப் பாட்டைத் தவிர வேறெதையும் காதில் ஏற்றுவதில்லை என்று விரதம் பூண்டவன். திண்டுக்கல் தாண்டுவதற்குள் இவர்கள் நாலு பேரும் பரிமாறிக்கொண்ட தகவல்களைத் தொகுத்தால் ஒரு கலைக்களஞ்சியம் தேறும்.

டிக்கெட் 3,500 ரூபாய். மேடைக்கும் எங்களுக்கும் நடுவே அரை பர்லாங். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

முதல் பாட்டு தொடங்கியது. புல்லாங்குழல் மட்டும், தனியாக. பதினைந்து இருபது விநாடிகள் இருக்கும். நாற்பது வயது தாண்டிய எந்தத் தமிழனையும் நடுநிசியில் தட்டி எழுப்பி அந்த இருபது விநாடியைக் கேட்கச் சொன்னால் பாட்டின் பெயரையும் சொல்வான், படத்தின் பெயரையும் சொல்வான், முடிந்தால் தன் பழைய காதலியின் பெயரையும் சொல்வான். அப்பேர்ப்பட்ட இசை. அது கிளம்பியதும் மைதானம் முழுவதும் ஒரே கூச்சல். அடையாளம் கண்டுகொண்ட ஆனந்தமாம்! எதை அடையாளம் கண்டார்களோ, அதையே கேட்க முடியாமல் அமுக்கிவிட்டது அந்த ஆனந்தம்.

பெரிய திரையில் இசையமைப்பாளர் தெரிந்தார். அப்புறம் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி தன் முறைக்காகக் காத்திருக்கும் பாடகர் தெரிந்தார். அப்புறம் முன்வரிசையில் ஒரு நடிகர் கையசைத்தார். குழல் ஊதியவரின் உதடு ஒரு விநாடிகூடத் தெரியவில்லை.

"யார் வாசிக்கிறது?" என்று மருந்துக்கடை நண்பரிடம் கேட்டேன்.

"பாட்டு இன்னும் ஆரம்பிக்கலியே சார்!" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். 'பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை!' அப்படியானால் அதுவரை நம் காதில் விழுந்தது என்ன? கதவு கிறீச்சிட்ட சத்தமா?

நாலரை நிமிஷப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு முன்னிசை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே ஓர் இடையிசை, இரண்டு சரணங்களுக்கும் நடுவே இன்னோர் இடையிசை. மொத்தத்தில் ஒரு நல்ல பங்கு வாத்தியங்களுடையது. குரல் ஒலிக்கும்போதும் அதன் அடியில் வயலின்கள் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் என்று வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. வரிகளை மறந்துபோனவர்கள் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பது அந்த இடையிசையைத்தான்.

அது எப்படிப் பிறந்தது என்று இந்தக் கூச்சல் போடுகிறவர்கள் யோசித்ததுண்டா? ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்துகொண்டு பிறகு ஒட்டவைக்கும் வசதி வருவதற்கு முன்னால், கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே சமயத்தில் இசைத்தாக வேண்டும். கடைசி வரிசையில் ஒரு வயலின் ஒரு சுரம் பிசகினால் பாடகர் முதல் தபலா வரை அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. சுரம் எழுதிய தாள் அன்றைக்குத்தான் கைக்கு வந்திருக்கும். ஒத்திகை பார்த்து, திருத்தி, வாசித்துக் கொடுத்துவிட்டு, கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது. நாற்பது வருஷம் கழித்து அந்த வாசிப்பை நாம் 3,500 ரூபாய்க்குக் கொண்டாடுகிறோம். பின்னால் சின்தசைஸர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, வயலின் வரிசைகள் மெலிந்தன. அப்போதும் யாருக்கும் யார் போனார்கள் என்று தெரியவில்லை. பெயர் தெரிந்தால் அல்லவா ஆள் இல்லாதது தெரியும்?

தமிழனுக்கு இது தெரியாத நாகரிகம் என்றால் மன்னித்துவிடலாம். மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் எந்தச் சபாவின் அழைப்பிதழை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம், முகர்சிங்குக்குக்கூடப் பெயர். வானொலியில் அரை மணிக் கச்சேரி என்றாலும் பக்கவாத்தியக்காரர் பெயரைச் சொல்லாமல் முடித்ததாக உண்டா? மேடையிலோ, எவ்வளவு பெரிய வித்வான் ஆனாலும் தனி ஆவர்த்தனம் வந்ததும் தொடையில் தாளம் போட்டபடி மிருதங்கத்துக்கு வழிவிட்டே ஆகவேண்டும். (அந்த நேரம் பார்த்து ரசிகர்கள் காப்பி குடிக்கப் போவது வேறு விஷயம், அதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.) அதே ஊரில், அதே ஜனங்கள், ஐந்து மைல் தள்ளிச் சினிமா மேடைக்கு வந்தவுடன் அந்த மரியாதையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிடுகிறார்கள்.

ரயிலில் பேசியதைவிட உரக்க, இடைவேளையில் வங்கி நண்பர் எனக்குப் பதில் சொன்னார். "அங்கே வயலின்காரர் தன் கற்பனையிலே வாசிக்கிறார் சார். இங்கே ஒவ்வொரு சுரமும் இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்தது. வீட்டுக்குக் கட்டினவர் பேரைப் போடுவோம். செங்கல் அடுக்கினவங்க பேரையெல்லாமா போடுவோம்?"

புத்திசாலித்தனமான வாதம்தான். ஆனால் அவர் அதை ஒரு நாவலாசிரியனிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாது. என் நாவலில் ஒவ்வோர் எழுத்தும் நான் எழுதியது. ஆனாலும் முதல் பக்கத்தைப் புரட்டினால் அச்சிட்ட அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறது. 1867-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், ஒவ்வொரு புத்தகத்திலும் அதை அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்றது. 2023-இல் அதற்குப் பதில் வேறு சட்டம் இயற்றியாகிவிட்டது. ஆனாலும் அச்சகத்தார் பெயரைப் போடும் பழக்கம் போய்விடவில்லை. அதனால் என் நாவலை அச்சகத்தார் எழுதினார் என்று எந்த வாசகரும் குழம்பியதில்லை. மையைக் காகிதத்தில் ஒற்றுகிறவருக்கு உள்ள இடம், மூச்சைக் குழலில் ஒற்றுகிறவருக்குக் கிடையாதா? மேலும் ஒன்று: எழுதிய சுரம் தாளில் ஊமையாகக் கிடக்கிறது. அதே தாளைப் பத்துப் பேரிடம் கொடுங்கள். பத்து விதமாக அழும். நம்மை அழவைத்தது எந்த ஒருவர் என்பதுதான் என் கேள்வி.

பெயர் சொன்னால் ஜனங்களுக்கு நினைவில் நிற்காது என்பதும் பொய். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்ட நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்தினுடையது என்று கேட்டவர்களெல்லாம் சொல்வார்கள். 1968-இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜி கணேசன் கையில் பிடித்த நாகஸ்வரத்தை உண்மையில் ஊதியவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதும் ஊரறிந்தது. 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்?' இசைத்தொகுப்பில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அவர் பெயர் தெரிந்ததால் இளையராஜாவின் புகழில் ஒரு குன்றிமணியாவது குறைந்ததா? அந்த இளையராஜாவே ஒரு காலத்தில் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் இருந்தவர். ஏ.ஆர். ரஹ்மான் பிறருடைய ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்த பையன். எம்.எஸ். விசுவநாதனோடு சேர்ந்து இசையமைத்த டி.கே. ராமமூர்த்தி அடிப்படையில் ஒரு வயலின்காரர். நம் சக்கரவர்த்திகள் பலரும் அந்தப் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தவர்கள்தாம்.

சீமையில் இந்தக் கஞ்சத்தனம் குறைவு. 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு 1977-இல் ஜான் வில்லியம்ஸின் இசையை வாசித்தது லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. அதில் முதல் ட்ரம்பெட் மாரிஸ் மர்ஃபி என்பவர். 2010-இல் அவர் காலமானபோது அந்தப் படத்தின் தொடக்க முழக்கத்தைச் சொல்லித்தான் பத்திரிகைகள் அவருக்கு இரங்கல் எழுதின. அவ்வளவு தூரம் போவானேன்? 2005-இல் இளையராஜாவின் 'திருவாசகம்' வந்தபோது, வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனிக் குழு என்று நம் ஊர் டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். ஹங்கேரிக்காரன் வாசித்தால் அவன் குழுவுக்குப் பெயர். வடபழனிக்காரர் வாசித்தால் '60 இசைக் கலைஞர்கள்'!

இதுவரை சொன்னது மரியாதை விஷயம். இனிச் சொல்வது வயிற்று விஷயம். 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டை வைத்து மற்றவர்கள் சம்பாதிக்கும் பணத்தில் நிகழ்த்திய கலைஞருக்கும் ராயல்டி உண்டு என்று எழுதினார்கள். கூடவே ஒரு வாலும் ஒட்டினார்கள். சினிமாவில் ஒருவருடைய பங்கு ஏதோ போகிறபோக்கில் வந்து போனதாய் இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டிலிலோ வேறெங்குமோ சொல்லப்படாமலும் இருந்தால், அவர் கலைஞராகக் கருதப்பட மாட்டார். தம் வாசிப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை ஒன்று மட்டும் அவருக்கு மிஞ்சும். குழல்காரரின் வாசிப்பைப் போகிறபோக்கில் வந்தது என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் நிபந்தனையின் இரண்டாவது பாதியைக் கவனித்தீர்களா? பெயர் போடாத வழக்கமே பெயரில்லாதவனுக்கு எதிரான சாட்சி! பாடகர்கள் கெட்டிக்காரர்கள், 2013-இல் உரிமைச் சங்கத்தைப் பதிவு செய்துகொண்டு பங்கு கேட்கத் தொடங்கினார்கள். பிற்பாடு அந்தச் சங்கம் வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பெயரை விரிவாக்கிக் கொண்டது, சந்தோஷம். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் அந்த இருபது விநாடியை ஊதியது நான்தான் என்று ஒரு கிழவர் வந்து நின்றால், எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? இசைத்தட்டின் உறையிலும் இல்லை, டைட்டிலிலும் இல்லை, கச்சேரித் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை, எண்ணூறு தகவல் தெரிந்த என் நண்பர்களின் தலையிலும் இல்லை.

கடைசியில் அறிமுகம் செய்கிறார்களே என்பீர்கள். செய்தார்கள். இரவு பதினொன்றே காலுக்கு, தொகுப்பாளினி ஒரே மூச்சில் 'வயலின்ஸ், செல்லோஸ், பிளூட்ஸ்' என்று வாத்தியங்களின் பெயரை வாசித்தார். ஆமாம், வாத்தியங்களின் பெயரை! அந்நேரத்துக்குப் பாதி மைதானம் வாகனம் நிறுத்திய இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் வெளியேறும் வழியில், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்ற நிர்வாகி ஒருவரைப் பிடித்து, "வாசித்தவர்கள் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அதெல்லாம் யார் சார் கேக்கறாங்க? நீங்கதான் முதல் ஆளு" என்றார். அறுபது பெயரை அச்சடிக்க அரைப் பக்கம் போதும். நகைக்கடை விளம்பரம் எட்டுப் பக்கம் இருந்தது.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தமிழாசிரியர் தம் நீள நோட்டை எடுத்தார். அதில் இதுவரை பாட்டு, படம், ராகம், பாடியவர் என்று நாலு கட்டங்கள்தாம். பிடிவாதமாக வாதாடியதில் ஐந்தாவதாக ஒரு கட்டம் கோடு போடச் சம்மதித்தார். என்ன எழுதுவது என்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். மேல்மருவத்தூர் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். முதல் பாட்டுக்கு நேரே, 'குழல்: நீலச் சட்டை, இடது கோடி, வழுக்கை' என்று எழுதியிருந்தார்.