மலைக்குளிரும் இசைவிழாவும்

1997 யூலையில் யப்பானின் ஃபியூஜி மலையடிவாரத்தில் நடைபெற்ற முதலாவது ‘ஃபியூஜி ரொக்’ இசைவிழாவைச் சூறாவளி தாக்கியது. மெல்லிய சட்டையுடன் வந்திருந்த இளைஞர் பலர் மழையில் நனைந்து, உடல்வெப்பம் இழந்து அவதியுற்றனர். இரண்டாம் நாள் நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன.

அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இருபது வயதில் பருத்திச் சட்டையோடு சிவனொளிபாதமலை ஏறி, 2,243 மீற்றர் உயரத்தில் நடுநடுங்கியபடி விடியலுக்காகக் காத்திருந்தவன் நான்.

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையும். நனைந்த பருத்தித்துணி உடற்சூட்டை விரைவாகப் பறித்துவிடும். மதுவோ சூடேற்றுவதுபோல் ஏமாற்றும். உண்மையில் தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, உள்ள வெப்பத்தையும் வெளியேற்றிவிடும். ஆகவே மழையங்கி, கம்பளி மேலாடை, மாற்றுக் காலுறை, சூடான உணவு ஆகியவை ஆடம்பரமல்ல.

ஆயினும் பொறுப்பு முழுவதையும் இரசிகர்மீது சுமத்துவது நியாயமன்று. நனைந்தவர் ஒதுங்க உலர்ந்த இடமும், மருத்துவ உதவியும், வேண்டியபோது நிகழ்ச்சியை நிறுத்தும் துணிவும் ஏற்பாட்டாளர்களுக்கு இருக்கவேண்டும். அன்று இரண்டாம் நாளைக் கைவிட்டது தோல்வியன்று என்பதே என் கருத்து. 1999 முதல் அவ்விழா நயேபா மலைப்பகுதியில் நடைபெற்று வருகிறது. நின்றுபோன இசையை மறு ஆண்டு கேட்கலாம். போன உயிரை எந்த ஆண்டும் மீட்க முடியாது.