இரண்டாவது சாவி



நமது சபை வாகனத்தின் சாவி சென்ற மாதம் தொலைந்துபோனதை உங்களில் பலர் அறிவீர்கள். அது தொலைந்தது என் கையிலிருந்துதான் என்பதைச் சிலரே அறிவீர்கள். அன்று மாலை ஸ்டான்லி மருத்துவமனையில் இருந்த சகோதரி ஒருவரைச் சந்தித்து ஜெபித்துவிட்டு, காசிமேட்டில் ஒரு துக்க வீட்டுக்கும் சென்று, இரவு ஜெபக்கூட்டத்துக்குச் சற்று முன்னதாக ஆலய வளாகத்தில் வாகனத்தை நிறுத்தினேன். மறுநாள் காலையில் சாவி இல்லை. வெஸ்ட்ரி அறையின் ஆணியில் மாட்டினேன் என்று உறுதியாக நம்பினேன். அந்த அறையைப் பெருக்குகிறவர் நமது கோயில்பிள்ளை. ஆகவே சபை மூப்பர் இருவர் நிற்கையில், “இந்த அறைக்கு உங்களைத் தவிர யார் வருகிறார்கள்?” என்று அவரிடம் கேட்டேன்.

கேள்வி போலத் தோன்றினாலும் அது குற்றச்சாட்டு என்பது கேட்ட எனக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த அவருக்கும் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தின் தலைவாசல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறவர் அவர். “நான் பார்க்கலைங்க ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பிற்பகல் தெருவோரத்தில் சாவி செய்கிற பாய் ஒருவரை அழைத்துவந்தோம். வாகனத்தைச் சுற்றிப் பார்த்த அவர் முதலில் கேட்டது, “ஐயா, ஆர்.சி. புக் காட்டுங்க.” ஆர்.சி.யோ சபைச் செயலாளர் பெயரில் இருக்கிறது. அவர் ஊரில் இல்லை. “நான் இந்த ஆலயத்தின் போதகர், என் வார்த்தை போதாதா?” என்றேன். என் குரல் உயர்ந்ததை மறைக்கமாட்டேன். அவர் அமைதியாகவே பதில் சொன்னார்: “நீங்க போதகர்தான் ஐயா. வண்டி யாருதுன்னு ஆர்.சி.தானே சொல்லணும்?” சொல்லிவிட்டுத் தமது பெட்டியை மூடிவிட்டார்.

பிரியமானவர்களே, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆதாரம் கேட்டதற்காக நான் அவமதிக்கப்பட்டதாக எண்ணினேன். அதே நாள் காலையில், எந்த ஆதாரமும் இல்லாமல் ஒரு மனிதரைச் சந்தேகித்துவிட்டு, அவர் அதை அவமதிப்பாகக் கொள்ளக்கூடாது என்றும் எண்ணியிருந்தேன். பாய் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். நானோ எல்லாரிடமும் கேட்காததை ஓர் ஏழையிடம் மட்டும் கேட்டேன். அந்த அறைக்கு மூப்பர்களும் வருகிறார்கள், பாடகர் குழுவினரும் வருகிறார்கள், நானும் வருகிறேன்.

இதனால் என் கருத்து இதுவே: ஆவணம் கேட்கிற சாவிக்காரரிடம் கோபப்படாதீர்கள், அவரையே தேடிப் போங்கள். கேளாமலே செய்து தருகிறவர் உங்கள் வாகனத்துக்கு இன்னொருவன் கேட்டாலும் செய்து தருவார் அல்லவா? அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்களிலும் ஆர்.சி. நகல், அடையாள அட்டை, பெரும்பாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான ரசீது ஆகியவற்றைக் கேட்கிறார்கள். அலைச்சல்தான். ஆனாலும் அந்த அலைச்சல் நமக்கு எதிரானதல்ல.

சாவியின் காரியத்தை நான் அறிந்துகொண்டதும் அந்த நாட்களில்தான். இன்றைய கார்களின் சாவித் தலைக்குள் பொடியளவு சிப் ஒன்று உண்டு. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவியைச் செருகித் திருப்பும்போது, பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்சக்தியை அளிக்கிறது. உடனே சிப் தன் அடையாள எண்ணைத் தெரிவிக்கிறது. வாகனத்தின் நினைவில் உள்ளதோடு அது பொருந்தாவிட்டால் என்ஜின் இயங்காது. ஆகவே இரும்பை மட்டும் அச்சாக வெட்டித் தந்தால் கதவு திறக்கும், பூட்டும் திரும்பும், வண்டி ஓடாது. வெளித்தோற்றத்தில் எல்லாம் பொருந்தியும் உள்ளே அறியப்படாதது அது. மத்தேயு 7ஆம் அதிகாரத்தில், கர்த்தாவே என்று அழைத்தும் ஆண்டவரால் அறியப்படாதவர்களைப் பற்றிப் பல முறை பிரசங்கித்திருக்கிறேன். இத்தனை எளிய உவமை தெருவோரத்தில் கிடைக்கும் என்று நினைத்ததில்லை.

ரிமோட் பொத்தான் வேறு காரியம். அதற்குத்தான் காசு வடிவப் பேட்டரி. பலவற்றில் 3 வோல்ட் ‘சி.ஆர். 2032’. ரிமோட் வேலை செய்யவில்லை என்று பல்லாயிரம் செலவழிக்கப் போகுமுன் அந்தச் சிறு பேட்டரியை மாற்றிப் பாருங்கள். நமது கடற்காற்றின் உப்பில் உள்ளிருக்கும் தகடுகள் பச்சை பிடித்துவிடுவதும் உண்டு. பொத்தானின் ரப்பர் கிழிந்தால் மேலுறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சில சாவிகளில் சிப் தனியாக அந்தப் பழைய உறைக்குள்ளேயே ஒட்டியிருக்கும். உறையைக் குப்பையில் போட்டுவிட்டு, வண்டி ஏன் கிளம்பவில்லை என்று திகைத்த வாலிபர் ஒருவர் நம் சபையிலேயே இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் இரண்டாவது சாவி அகப்பட்டது. வாகனம் வாங்கியபோது வந்தது. கமிட்டி மாறும்போதெல்லாம் கை மாறி, முன்னாள் பொறுப்பாளர் ஒருவரின் அலமாரியில் வேதாகமச் சங்க நாட்காட்டிகளுக்கு அடியில் கிடந்தது. அதைக் கண்ட பாய் மகிழ்ந்தார். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்; அந்த நகலைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் பிழை இன்னும் கூடும்; பயன்படுத்தாத மூலச்சாவியிலிருந்துதான் வெட்டவேண்டும் என்றார். இதைக் கேட்டபோது என் மனம் குத்தியது. வேதத்தைத் திறவாமல், இன்னொரு போதகரின் காணொளியைக் கேட்டு ஆயத்தம் செய்த ஞாயிறுகள் எனக்கும் உண்டு. அவர் வேறொருவரிடம் கேட்டிருப்பார். நீங்கள் அமர்ந்து கேட்டது எத்தனையாவது நகலோ!

புதிய சாவியைச் சேவை மையத்தில் பதியும்போது, தொலைந்த சாவியின் எண்ணை வாகனத்தின் நினைவிலிருந்து நீக்கும்படி கேட்டோம். இதைத் தவறாமல் கேளுங்கள். நீக்கிவிட்டால், அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும் கதவைத் திறக்கலாமே தவிர, என்ஜினை இயக்கமுடியாது. இரண்டு சாவிகளையும் பத்திரமாக வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாகனம் திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது, காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று தொலைந்ததை முன்பே எழுத்தில் தெரிவிக்காதவர்கள் அப்போது தவிக்கிறார்கள்.

நாம் வாழும் ஊரின் பெயரே சாவிக்காரர் ஒருவரின் பெயர்தான். இராயப்பர் என்பது பேதுருவின் பழைய தமிழ்ப் பெயர்; படகோட்டிகள் கட்டி 1829 முதல் இங்கே நிற்கிற புனித இராயப்பர் ஆலயத்தை நீங்கள் நாள்தோறும் கடந்து செல்கிறீர்கள். ‘சாவி’ என்ற சொல்லும் கப்பலில் வந்ததே, போர்த்துக்கீசியர் தந்தது. நமது வேதாகமம் ‘திறவுகோல்’ என்கிறது. பரலோகராஜ்யத்தின் திறவுகோல்களைப் பற்றிய வாக்கின் பொருளில் நமக்கும் கத்தோலிக்க சகோதரருக்கும் வேறுபாடு உண்டு. அதை இங்கே விவாதிக்கப்போவதில்லை. என்னை நிறுத்தியது வேறொன்று. மத்தேயு 16ஆம் அதிகாரத்தில் அந்த வாக்கைப் பெற்ற பேதுரு, சில வசனங்களுக்குள்ளேயே கடுமையாகக் கடிந்துகொள்ளப்படுகிறார். பின்பு மூன்று முறை மறுதலிக்கிறார். ஆயினும் திறவுகோல்கள் அவரிடமிருந்து பறிக்கப்பட்டதாக எந்தச் சுவிசேஷத்திலும் நான் வாசிக்கவில்லை. தவறியதற்குச் சாட்சியம் முழுவதும் இருந்த ஒருவரை ஆண்டவர் கடற்கரையில் உணவு கொடுத்து நிறுத்தினார். சாட்சியம் ஒன்றுமே இல்லாத ஒருவரை நான் ஆலயத்துக்குள் நிறுத்திய விதம் உங்களுக்குத் தெரியும்.

மறுபுறம் ஏசாயா 22ஆம் அதிகாரமும் இருக்கிறது. அரண்மனைப் பொறுப்பு செப்னாவிடமிருந்து எடுக்கப்பட்டு, தாவீது வீட்டின் திறவுகோல் எலியாக்கீமின் தோளில் வைக்கப்படுகிறது. செப்னாவின் குற்றம் என்ன? பொறுப்பைத் தன் சொத்தாக எண்ணி, தனக்கென்று உயரத்தில் கல்லறை வெட்டிக்கொண்டான். சபைகளில் சாவிகளுக்காக நடக்கும் சண்டைகளைப் பார்க்கையில், அலுவலக அறைச் சாவியைத் தராமல் வைத்துக்கொள்வதே பதவி என்று நாம் எண்ணுகிறோமோ என்று தோன்றுகிறது. இரண்டாவது சாவி ஒரு வீட்டு அலமாரியில் கிடந்ததும் இந்த வியாதியின் சிறிய அறிகுறிதான்.

தொலைந்த சாவி இன்றுவரை கிடைக்கவில்லை. என் அங்கியின் பையிலிருந்து அது விழுந்திருந்தால் மன்னிப்புக் கேட்பது எளிதாக இருந்திருக்கும். குற்றமற்றவர் என்று தெரிந்தபின் மன்னிப்புக் கேட்பதில் பெரிய தாழ்மை ஒன்றும் இல்லை. கிடைக்காமலே கேட்கவேண்டியதாயிற்று. தனியாகக் கேட்டேன். “பரவாயில்லைங்க ஐயா” என்றார். ஆனால் இப்போதெல்லாம் அவர் தனியாக வெஸ்ட்ரிக்குள் நுழைவதில்லை. யாராவது ஒருவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பெருக்குகிறார். மூப்பர் முன்னிலையில் சொன்னதற்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்டது போதாது என்பது அதைக் கண்டபோதுதான் விளங்கியது. ஆகவே இந்த ஞாயிறு ஆராதனையில், அறிவிப்புகளுக்கு முன்பாக, உங்கள் எல்லாருக்கும் முன்பாக அவரிடம் கேட்பேன்.

சபையின் சாவிகளுக்கு ஒரு பதிவேடு வாங்கி வைத்திருக்கிறேன். வாகனத்தின் இரண்டாவது சாவி இனிப் பொருளாளரிடம் இருக்கும். யார் எடுத்தாலும், போதகரே எடுத்தாலும், நேரம் எழுதிக் கையெழுத்திடவேண்டும். முதல் வரியில் நான் கையெழுத்திட்டுவிட்டேன்.