காற்றைக் கேட்கமுதல் எங்களைக் கேளுங்கோ

சோளகம் வீசுற மாசங்களில் சிலாவத்துறைக் கரையில நின்று கதைக்க ஏலாது, வாய்க்குள்ள மண் போகும். இந்தக் காற்றுக்குத்தான் இப்ப நாட்டில் இவ்வளவு கிராக்கி.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. நல்ல இலக்குதான். 1990இல் வெளியேற்றப்பட்ட எங்கட ஆக்கள் இருபது வருசம் அகதியாக இருந்த புத்தளத்தில்தான், நுரைச்சோலையில், 900 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரியுது. அது குறைய வேண்டும் என்றால் காற்றாலை வேணும். கூரைச் சோலார் பகலில் மட்டும்தான் கைகொடுக்கும். கரண்ட் கூடுதலாகத் தேவைப்படுறது பொழுதுபட்ட பிறகு.

அப்ப பிரச்சினை என்ன? கேட்காமல் செய்யிறதுதான்.

2025 ஆகஸ்டில் மன்னார் சனம் தெருவில் இறங்கினபோது, புதிய காற்றாலை வேலைகளை ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தினார். செப்டெம்பரில் வேலை திரும்பத் தொடங்கியது. 26ஆம் திகதி இரவு பொலிசுக்கும் மக்களுக்கும் மோதல். சனம் கேட்டது சின்னக் கேள்விகள்: தாழ்ந்த தீவில் மழைவெள்ளம் எந்தப் பக்கம் வடியும்? மீனுக்கும் வலசை வரும் பறவைக்கும் என்ன ஆகும்? இதுக்குப் பெயர் 'அபிவிருத்திக்கு எதிர்ப்பு' இல்லை.

முசலிக்கு இந்தக் கதை பழசு. நாங்க மீளக் குடியேறிக்கொண்டிருந்த 2012இல், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கக் காணிகளை ஒரு வர்த்தமானி வனமாக அறிவித்தது. பிறகு எங்களுக்குக் கிடைத்த பெயர் 'காடழிப்பவர்கள்'. அன்றைக்குக் காடு, இன்றைக்குக் காற்று. ரெண்டும் பச்சைதான், ரெண்டுக்கும் கோடு கீறினது கொழும்பில்.

என்ன செய்யலாம்? சூழல் அறிக்கையைத் தமிழில், ஊருக்குள்ள வைத்து, ஒப்பந்தத்துக்கு முதல் விளங்கப்படுத்துங்கோ. விற்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு பங்கைப் பிரதேச சபைக்குக் கொடுங்கோ. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் உள்ள தொழிற்சாலைகளும் தங்கட பங்குக்குக் கூரைகளை நிரப்பட்டும். கார்பனைக் குறைக்கிற சுமை கரையோரத்துக்கு மட்டும் உரியது இல்லை.

484 மெகாவாட் திட்டத்தோடு வந்த அதானி 2025 பெப்ரவரியில் விலகிப் போனது. கம்பனி போகும், காற்று போகாது. நாளைக்கு இன்னொருவர் வருவார், ஒருவேளை எங்கட கரைக்கே. அப்ப எங்களிடம் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைக்காதீங்கோ. முதலே கேட்டால், 'சரி' சொல்லவும் எங்களுக்குத் தெரியும்.