வீட்டு வரிசை எங்கே இருக்கிறது? புரோக்கருக்குத் தெரிகிறது, ஏழைக்குத் தெரியவில்லை!

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த நேரம். கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு அம்மா என்னிடம் வந்தார். இடுப்பில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"தம்பி, நீ பேப்பர்காரன்தானே? இது நெசமா, பொய்யா, பாத்து சொல்லு" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். வீட்டு ஒதுக்கீட்டு ஆணை! மேலே முத்திரை. கீழே பச்சை மையில் கையெழுத்து. பிளாக் நம்பர், மாடி நம்பர், கதவு நம்பர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. அப்படி ஒரு பிளாக்கே கிடையாது!

காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து, மீதிக்குக் கந்து வட்டி வாங்கி, ஒரு புரோக்கரிடம் கொடுத்திருக்கிறார். "மேல நமக்கு ஆள் இருக்கு, மூணு மாசத்துல சாவி" என்று சொன்ன ஆசாமி இப்போது தலைமறைவு. செல்போனும் பேசவில்லை.

நான் போலீஸ் நிலைய வாசலில் நின்று செய்தி சேகரிப்பவன். இந்த மாதிரி கேசு எனக்குப் புதிதல்ல. 'அரசு வீடு வாங்கித் தருவதாக மோசடி, ஆசாமி கைது' என்று பத்து வரி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை போக முடியவில்லை. காரணம், அந்த அம்மா கேட்ட ஒரு கேள்வி.

"ஏமாந்தது என் தப்புதான். சரி, நேர்வழி எது? அத்த நீ சொல்லேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை!

நேர்வழி தேடிப் போனேன்

தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினேன். ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்து எண்ணூர் வரை அலைந்தேன். விசாரித்த வரையில் வழிகள் இவைதான்.

முதலாவது வாரியம். 1970ல் குடிசை மாற்று வாரியமாக ஆரம்பித்தது. 1971ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 2021ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. வடசென்னை வாயில் மட்டும் இன்னும் 'குடிசை மாத்து'தான். குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டினால், அங்கே கணக்கெடுப்பில் பெயர் வந்தவர்களுக்கு வீடு. மற்றவர்கள் மனுப் போட வேண்டும். புதிய திட்டங்களில் பயனாளி பங்குத் தொகை என்று ஒன்றும் கட்ட வேண்டியிருக்கிறது. அது நூறு, ஆயிரத்தில் முடிகிற சமாச்சாரம் அல்ல.

இரண்டாவது, மத்திய அரசின் வீட்டு வசதித் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவு. நாட்டில் எங்கேயும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. இதுவும் பெரும்பாலும் சொந்த வீட்டுக்கான வழி.

மூன்றாவது, 1961ல் உண்டான வீட்டு வசதி வாரியத்தின் வாடகைக் குடியிருப்பு. அது முக்கியமாக அரசு ஊழியர்களுக்கு. பொதுமக்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறார்கள். மீன் கூடைக்காரிக்கு அங்கே யார் சிபாரிசு?

நான்காவதுதான் விசேஷம். 2020ல் கொரோனா ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஊருக்குப் போனதை நாடு பார்த்தது. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு மலிவு வாடகை வீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. காலியாகக் கிடக்கும் அரசு வீடுகளை வாடகைக்கு விடலாம் என்றது. சண்டிகரில் 2,195 வீடுகளை இந்தத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2024ல் வந்த இரண்டாம் கட்ட வீட்டுத் திட்டத்திலும் வாடகை வீடு ஒரு தனிப் பிரிவாக இருக்கிறது.

ஆக, வாடகை வீடு என்பது காகிதத்தில் இருக்கிறது. காசிமேட்டில் கேட்டால், "அப்படி ஒண்ணு கீதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்!

மனுவுக்கு நம்பர் உண்டு, வரிசைக்கு இல்லை

திங்கட்கிழமை தோறும் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர் ஆட்கள் முன்பு திருவள்ளூர் வரை போனார்கள். 2018ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்த பிறகு இங்கேயே வருகிறார்கள். மனுக் கொடுத்தால் நம்பர் கிடைக்கிறது. முதல்வருக்கு மனுப் போட்டாலும் நம்பர் கிடைக்கிறது.

ஆனால் வாசகர்களே, அது மனுவின் நம்பர். வரிசையில் நமக்கு எத்தனையாவது இடம் என்ற நம்பர் அல்ல!

ரேஷன் கடையில் நின்றால் முன்னால் எத்தனை பேர் என்று கண்ணால் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினால் எப்போது கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போடலாம். வீட்டுக்கு மனுப் போட்டால்? முன்னால் பத்துப் பேரா, பத்தாயிரம் பேரா, யாருக்குத் தெரியும்? நான் ஏறி இறங்கிய எந்த ஆபீசு சுவரிலும் அப்படி ஒரு பட்டியலைக் காணோம்.

புரோக்கர் பிழைப்பது இந்த இருட்டில்தான். வரிசை தெரியாத இடத்தில், "எனக்கு வரிசை தெரியும்" என்று சொல்கிறவன்தான் ராஜா. ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டால் இன்னொருவன் வருவான்.

கணக்கிலேயே வராத குடும்பம்

இன்னொரு அநியாயமும் உண்டு. நமது பேட்டையில் பாதிப் பேர் ஒண்டுக் குடித்தனம். ஒரு வாசல், ஆறு குடும்பம், ஒரே கக்கூஸ். வாடகை தனி, கரண்டுக்குத் தனி, தண்ணீருக்குத் தனி. மெட்ரோ ரெயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது. "ரெயிலு வந்துச்சி, வாடகையும் ஏறிச்சி" என்று தேரடிப் பக்கம் சொல்கிறார்கள்.

வாடகைக்கு விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. நம் சந்துகளில் எந்த வீட்டுக்காரர் எழுதித் தருகிறார்? கேட்டால், "இஷ்டம்னா இரு, இல்லாட்டி காலி பண்ணு" என்பதுதான் பதில். எழுத்து இல்லாததால் விலாசத்துக்கு அத்தாட்சி இல்லை. ரேஷன் கார்டு பழைய தெருவிலேயே கிடக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் யார் பெயரை எழுதுவார்? குடிசைக்குச் சொந்தம் என்று சொல்கிறவர் பெயரைத்தான்! உள்ளே பத்து வருஷமாக வாடகை கொடுத்தவர் பட்டியலில் இல்லை. அவருக்கு வீடும் இல்லை.

30 கிலோமீட்டருக்கு அப்பால்

"தெற்கே ஆயிரக்கணக்கில் கட்டித்தானே கொடுத்தார்கள்?" என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். 2000ல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். காசிமேட்டில் இருந்து பெரும்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. அந்த நேரத்தில் எந்த பஸ் வரும்? ஆட்டோவில் வந்தால் அன்றைய லாபம் ஆட்டோவுக்கு! துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர், மணலியில் ஷிப்டு பார்க்கிறவர் எல்லோருக்கும் இதே கதைதான். வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி ராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனம் தேடுகிறார்கள்.

இந்த அம்மா சொந்த வீடு கேட்கவில்லை. "பேருல எழுதிக் குடுன்னு கேக்கல தம்பி. கடலுக்குக் கிட்ட, ஓரளவு வாடகைக்கு ஒரு ரூம்பு. தடைக்காலத்துல வெளிய தள்ளாம இருந்தா போதும்" என்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப் படகு கடலுக்குப் போகாது. வரத்துக் குறைந்துவிடும். வாடகைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது!

வாடகை வீட்டில் இன்னொரு நன்மை. ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு. அதாவது அரசாங்கத்தின் பொறுப்பு. 2021 டிசம்பர் 27ந் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நடந்ததை மறக்க முடியுமா? 1993ல் கட்டிய வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், 1,920 வீடுகள் கொண்ட புதுக் கட்டிடத்திலேயே சுவர்ப் பூச்சு கையோடு உதிர்ந்தது. மாதா மாதம் வாடகை வாங்குகிற வீடு என்றால், கேள்வி கேட்கக் குடித்தனக்காரருக்கு ஒரு பிடி இருக்கும்.

முடியாத காரியமா?

"முடியாது" என்று சொல்ல வேண்டாம். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங் ஷேக் கிப் மேய் குடிசைகள் எரிந்து 50 ஆயிரம் பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அங்கிருந்துதான் அந்த ஊரில் அரசு வாடகை வீடு பெருகியது. அங்கேயும் வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் சராசரியாக எத்தனை வருஷம் என்று அரசே வெளியிடுகிறது. காத்திருப்பவன் தன் கணக்கைப் போட்டுக்கொள்கிறான்.

நம் அரசுக்கும் கட்டத் தெரியும். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. செல்போன் கம்பெனிப் பெண்களுக்கு முடிந்தது, மீன் விற்கும் பெண்ணுக்கு முடியாதா?

பட்டியலை ஒட்டினால் சண்டை வரும் என்கிறார் ஒரு அலுவலர். வரட்டுமே! இப்போது வராத சண்டையா? வீடு வாங்கியவர்களே உள்வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள் என்கிறார். அதுவும் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் யாருக்கு எந்த வீடு என்று சுவரில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரே காட்டிக் கொடுத்துவிடுவார். வாடகை பாக்கி விழும் என்றும் சொல்கிறார். ஒண்டுக் குடித்தனத்துக்கு மாதம் பிறந்ததும் வாடகை எண்ணி வைக்கிற ஜனம் இது. நியாயமான தொகை என்றால் கொடுக்கும்.

செய்ய வேண்டியது நாலு

ஒன்று: வீடு கேட்டு மனுக் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் வரிசை நம்பர் போட்டு ரசீது.

இரண்டு: மாதம் ஒரு முறை அந்தப் பட்டியலை ஒவ்வொரு வார்டு ஆபீசு சுவரிலும் ஒட்ட வேண்டும். யாருக்கு வீடு கிடைத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். மானியத் திட்டத்தில் பலன் பெற்றவர் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4வது பிரிவே சொல்கிறது.

மூன்று: வடசென்னையில் கட்டுகிற ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒரு பகுதி வாடகைக்கு என்று ஒதுக்க வேண்டும்.

நான்கு: கணக்கெடுக்கும்போது குடிசைக்காரரோடு குடித்தனக்காரரையும் எழுத வேண்டும்.

இதில் மூன்றாவதற்குத்தான் பெரிய பணம் வேண்டும். மற்ற மூன்றுக்கும் காகிதம், பசை, கொஞ்சம் மனசு இருந்தால் போதும்.

அந்த அம்மா போலீசில் புகார் கொடுத்துவிட்டார். ஆசாமியைத் தேடுகிறார்கள். ஆசாமி சிக்குவார், படம் போட்டு நாமும் செய்தி வெளியிடுவோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு, நான் அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நேர்வழி எது என்று அரசாங்கம்தான் சொல்ல வேண்டும். சுவரில் எழுதிச் சொல்ல வேண்டும்.

சம்பந்தப்பட்டவர்கள் செவி சாய்ப்பார்களா?