கல்லில் நிற்கும் தமிழ் பலகையில் நிற்க வேண்டாவா?

2019-ஆம் ஆண்டு சூலை, ஆகத்து மாதங்களில் சின்னக் காஞ்சிபுரம் மக்கட் கடலாயிற்று. 40 ஆண்டுகட்கு ஒருமுறை குளத்தினின்று எழுந்தருளச் செய்யப்பெறும் அத்திமரத் திருவுருவைக் காண, நாட்டின் பல திசையினின்றும் இலக்கக்கணக்கானோர் வந்து மணிக்கணக்கில் காத்து நின்றனர். 1979-க்குப் பின் அவ்வாண்டே அக்காட்சி. இனி 2059-இல் தான். வந்தோரெல்லாம் ‘அத்தி வரதர்’ என்று வாயார வழங்கினர். அப்பெயரின் முன்பாதியில் அவ்வூரின் பழந்தமிழ்ப் பெயர் ஒளிந்திருப்பதை அவர்க்கு எடுத்துரைத்தார் எத்துணைப் பேர்?

அவ்வூரின் பெயர் அத்தியூர். பூதத்தாழ்வார் பாடிய பெயர் அது. சோழர் காலக் கல்வெட்டுகள் ‘திருவத்தியூர்’ என்றே அதனைப் பொறித்துள்ளன. அத்தி மரத்தால் ஊர்க்குப் பெயர் வந்தது எனல் தமிழர்க்கு இயல்பாகத் தோன்றும் பொருள். ஆலங்காடும் வேற்காடும் பனங்காடும் கண்ட தொண்டை நாட்டில் அத்தியூர் இருத்தல் வியப்பன்று. பிற்காலத்தார் அச்சொல்லை யானையைக் குறிக்கும் வடசொல்லாகக் கொண்டு, ஊரை ‘அத்திகிரி’ என்றனர். ‘கரிகிரி’ என்றும் பெயர்த்தனர். யானை வழிபட்டதாகக் கதையும் வகுத்தனர். வடசொல்லே மூலம் என வழக்காடுவாரும் உளர். வழக்கு எவ்வாறாயினும், ‘அத்தியூர்’ என்னும் வழக்கு பாட்டிலும் கல்லிலும் ஆயிரம் ஆண்டாக நிற்பதை மறுப்பார் இலர். அதனை ஏன் மறைத்தல் வேண்டும்?

இஃது ஓர் ஊர்ப்பெயரின் கதை மட்டுமன்று. பேரருளாளன் என்ற தமிழ்ப்பெயர் இருக்க, வரதராசர் என்பதே நாட்டில் நிலைத்தது. தூப்புலில் விளக்கொளிப் பெருமாள் ‘தீபப்பிரகாசர்’ ஆனார். திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் ‘யதோத்தகாரி’ ஆனார். சின்னக் காஞ்சியே ‘விட்டுணு காஞ்சி’ ஆயிற்று. பொருள் ஒன்றே, ஆயின் தமிழ்ப்பெயரைச் சிறு பிள்ளையும் கேட்ட அளவில் உணரும். பெயர்த்த பெயர்க்கோ உரையாசிரியர் வேண்டும்!

இவற்றுள் திருவெஃகாவின் பெயர் தமிழர் நெஞ்சிற் பொறித்து வைக்கத் தக்கது. திருமழிசையாழ்வாரின் மாணவர் கணிகண்ணர், அரசன் விரும்பியவாறு பாட மறுத்தார். அரசன் அவரை ஊரைவிட்டு அகற்றினான். மாணவர் பின்னே ஆசிரியரும் புறப்பட்டார். புறப்படுமுன், பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன்வருமாறு தமிழ்ப்பாட்டால் இறைவனை அழைத்தார். இறைவனும் அவ்வாறே சென்றான். ஊர் இருண்டது, அரசன் பிழையுணர்ந்து வேண்ட, ஆழ்வார் மீளப் பாட, இறைவனும் மீண்டான். அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ‘ஓரிருக்கை’யாகி இன்று ஓரிக்கை என வழங்குகின்றது என்பர். தமிழ்ப்புலவன் சொன்னவண்ணம் செய்தமையால் இறைவன் பெற்ற பெயரையே தமிழினின்று பெயர்த்தெடுத்தால், கதையின் உயிர் எங்கே நிற்கும்?

சுற்றுலாவாக வருவோர் காண்பன யாவை? விசயநகரக் காலத்து மண்டபத்தில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலியைக் காண்கின்றனர். தங்கப் பல்லியைத் தொட்டு மகிழ்கின்றனர். பட்டுக் கடைக்குச் செல்கின்றனர். சங்கிலி காணத்தக்கதே. ஆயின் அதே கோயிற் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. விளக்கெரிக்க விட்ட ஆடும் மாடும், நந்தவனத்துக்கு விட்ட நிலமும், ஊரார் செய்த ஒப்பந்தமும் பெரும்பாலும் தமிழில் அங்கே எழுதப்பட்டுள்ளன. அச்சுவரைக் கடந்துசெல்லும் தமிழ் மாணவனுக்கு அஃது எழுத்தென்றே தெரிவதில்லை. பல்லியைக் காட்டும் விரல் கல்வெட்டைக் காட்ட நீளாதது யார் குற்றம்?

பட்டின் நிலையும் அதுவே. தறியிலே பாவு, ஊடை, அச்சு, விழுது என்று தமிழ் இன்னும் வாழ்கின்றது. உடலையும் கரையையும் வேறுவேறு நிறத்தில் நெய்து இணைப்பது கோர்வை. மல்லிமொக்கு, தாழம்பூ, மயிற்கண், வைரஊசி, பாலும் பழமும் எனக் கோலங்கட்கு நெசவாளர் இட்ட பெயர்களைக் கேட்டாலே மணக்கும். ‘காஞ்சிபுரம் பட்டு’ என்ற பெயரோடு புவிசார் குறியீடும் பெற்றாயிற்று. எனினும் கடைவாயிலில் மின்னுவது வெள்ளையன் வாயிற் சிதைந்த ‘காஞ்சீவரம்’!

2015-இல் நடுவணரசு 12 மரபு நகரங்களைத் தேர்ந்தபோது காஞ்சியும் அவற்றுள் ஒன்றாயிற்று. இதயம் எனப் பொருள்படும் இந்திச் சொல்லாய் ஒலிக்குமாறு அத்திட்டத்திற்குப் பெயர் சூட்டினர். 2019-இல் திட்டம் முடிந்தது. சாலையும் விளக்கும் வேண்டுவனவே; அவற்றை மறுப்பாரில்லை. ஆயின் ஒரு நகரின் மரபு அதன் பெயர்களிலே தொடங்குகின்றது என்பதை எந்தத் திட்டமும் எண்ணவில்லையே!

பெயரின் அருமையை உணர்ந்த ஒருவர் இதே ஊரில் வாழ்ந்தார். அண்ணாவின் நினைவில்லம் நிற்பது சின்னக் காஞ்சியிலேதான். 1967 சூலை 18-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, 1969 சனவரி 14-இல் சென்னை மாநிலத்தைத் தமிழ்நாடு ஆக்கினார்; 20 நாளில் மறைந்தார். நாட்டின் பெயரையே மீட்டவர் ஊரில், தெருவின் பெயரும் கோயிலின் பெயரும் மீளாதிருத்தல் தகுமோ?

வேண்டுவன பெரியன அல்ல. கோயில்தொறும் பெயர்ப்பலகையில் தமிழ்ப்பெயர் முதலில் நிற்கட்டும். பிறபெயர் அடியில் இருக்கட்டும். கல்வெட்டுச் சுவரருகே அதன் செய்தியை எளிய தமிழில் எழுதி வைக்கட்டும். வழிகாட்டுவோர்க்கு ஊர்வரலாறு பயிற்றட்டும். இவற்றை அறநிலையத் துறையும் சுற்றுலாத் துறையும் மாநகராட்சியும் மனம்வைத்தால் ஓராண்டிற் செய்யலாம்.

அதுவரை தமிழர் வாளாவிருத்தல் வேண்டா. அழைப்பிதழில் அத்தியூர் என அச்சிடுவதற்கு எவர் ஆணையும் வேண்டுவதில்லை. பேரருளாளன் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதற்குச் சட்டம் வேண்டுவதில்லை. நாவில் மீண்ட பெயர் பலகைக்கு வர நெடுநாள் ஆகாது. புலவன் சொல்லுக்கு இறைவன் எழுந்து நடந்த ஊர் அது. மக்கள் ஒருமித்துச் சொன்னால் பலகை மாறாதா?